உன்ர அரணை, என்ர புத்தகம்

வியாழக்கிழமை காலைத் தேநீர் இடைவேளைக்கு இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் மனோ அக்கா, நவம் அண்ணையின் மனைவி.

"சிறி, அண்ணை போயிட்டார். விடிய, ஆஸ்பத்திரியில."

அவர் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கராஜுக்குள்ள கிடக்கிறதுகளுக்கு இனி ஆர் சாப்பாடு வைக்கிறது? எனக்கு உள்ளுக்குப் போகவே பயமாக்கிடக்கு" என்றார்.

"நான் வாறன் அக்கா" என்றேன்.

அந்தச் செய்தி காதிலிருந்து நெஞ்சுக்கு இறங்குமுன், நடுவழியில் வேறொரு நினைப்பு அதை முந்திக்கொண்டு வந்தது. பிஸ்கற், அந்த அரணை, இனி எனக்குத்தான்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி மனோ அக்கா கேட்டபோது இந்த நினைப்பை மறைத்துவிட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். பொய் எழுத மறுத்த மனிதரைப் பற்றி எழுதும்போது தொடக்கத்திலேயே புளுகினால் மிச்சத்தை எந்த முகத்தோடு எழுதுவது? எனவே உள்ளதைச் சொல்கிறேன். நவம் அண்ணையில் எனக்குப் பொறாமை. அவர் இருந்தபோதும் பொறாமை, இப்போதும் அது முற்றாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். எங்கள் ஆட்கள் அடுத்தவரின் வீட்டுக்கும் காருக்கும் பிள்ளையின் புள்ளிகளுக்கும் பொறாமைப்படுவார்கள். நான் ஒரு மனிதரின் அரணைகளுக்குப் பொறாமைப்பட்டவன். ஓ.எல். சோதனையில் கணக்குப் பாடத்தில் இரண்டுதரம் தவறியவனிடம் இதைவிட உயர்ந்த பொறாமையை எதிர்பார்க்காதீர்கள்.

மெல்பேணில், கிளேட்டனில் ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் பதினெட்டு வருடம் அடுத்தடுத்த இயந்திரங்களில் நின்றோம். அவருக்கு ரோவிலில் சொந்த வீடு. நான் மகளின் பள்ளிக்கூடத்துக்காகக் கிளென் வேவர்லியில் கையகல வீடொன்றில் வாடகைக்கு இருந்தவன். முதல்முறை அவர் வீட்டுக்குப் போனபோது கராஜைத் திறந்து காட்டினார். அங்கே கார் நின்றதற்கு ஒரு அடையாளமும் இல்லை. சுவரோடு சுவராகக் கண்ணாடிப் பெட்டிகள், பெட்டிக்கொரு வெப்ப விளக்கு. மேல் தட்டில் இந்த நாட்டு மலைப்பாம்புகள், கீழ்த் தட்டில் நீலநாக்கு அரணைகள். நம்மூர் அரணையை முழங்கை நீளத்துக்கு வளர்த்து, கைகால்களை மட்டும் பழைய அளவிலேயே விட்டு, வாய்க்குள் நீல மையைத் தடவினால் எப்படி இருக்கும், அப்படி. என் வீட்டில் ஹீற்றரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போட்டால் நான் மனைவியோடு சண்டைக்குப் போவேன். இங்கே அரணைகள் முப்பது பாகைச் சூட்டில் வயிற்றைப் பரப்பிப் படுத்திருந்தன. முதல் பொறாமை அவரில் அல்ல, அவற்றில்தான் வந்தது.

அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு மலைப்பாம்புக் குட்டியைக் கையில் சுற்றவிட்டுக்கொண்டு, "எனக்கும் பொறாமைதான்டா. நான் இந்த நாட்டில விசாவுக்கு ஆறு வருசம் காத்துக்கொண்டு நிண்டனான். இது முட்டையை உடைச்சுக்கொண்டு வந்த அண்டைக்கே இதுக்குப் பேப்பர் இருக்கு" என்றார்.

அந்தப் பேப்பரைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. இந்த நாட்டு ஊர்வனவற்றை வீட்டில் வைத்து இனம்பெருக்குவதென்றால் அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். காட்டில் பிடித்தது ஆகாது. அனுமதி உள்ளவரிடம்தான் வாங்கலாம், அனுமதி உள்ளவருக்குத்தான் கொடுக்கலாம். வந்தது, பிறந்தது, செத்தது, போனது எல்லாவற்றையும் ஒரு புத்தகத்தில் திகதியோடு எழுதவேண்டும். அதிகாரிகள் வந்து பெட்டியையும் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மதியச் சாப்பாட்டு அறையில் இது பெரிய பகிடி. "வீட்டுக்குள்ள பல்லி வளர்க்கிறதுக்கு ஏன் அண்ணை கவுண்மெந்தைக் கேக்கோணும்? ஊரில பல்லி எங்களைக் கேட்டே வளர்ந்தது?" என்று நான் சீண்டுவேன்.

"கேக்காட்டி என்ன நடக்கும் தெரியுமோ? இதுகளைச் சொக்ஸுக்குள்ள கட்டித் தபாலில வெளிநாட்டுக்கு அனுப்புவாங்கள். எழுதாத குட்டி பிறக்காத குட்டி, சிறி. அதைக் கொண்டுபோனாலும் ஆரும் தேடாயினம்."

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைவார். அந்த இடத்தில் பகிடியைத் தொடர எவருக்கும் மனம் வராது.

என் மகள் ஆரணிக்குப் பத்து வயதானபோது, தனக்கும் ஒரு அரணை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். பிள்ளைக்கு வயது காணாது என்று என் பெயரில் அனுமதி எடுத்து, நவம் அண்ணையிடமிருந்து ஒரு குட்டியை வாங்கினோம். பிஸ்கற் என்று பெயர் வைத்தவள் அவள்தான். அவளுடைய அன்பு அடுத்த பள்ளி விடுமுறை மட்டும் தாங்கியது. அதன்பிறகு நத்தை பொறுக்கியது நான், பூசணிக்காய் அவித்தது நான், வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றமுன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்ததும் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்வளவு வெயிலில் கதிரையைப் போட்டு அதை வயிற்றில் கிடத்திக்கொண்டு படுத்திருப்பேன். "மனுசிக்குக் கிடைக்காத இடம்" என்று என் மனைவி சொல்லுவாள். நான் அதை மறுத்துப் பேசியதாக நினைவில்லை.

ஆறு வருடம் அப்படிப் போனது. பிறகு பேராசை வந்தது. நவம் அண்ணையின் கராஜில் குட்டி பிறந்தால் மெல்பேணின் மற்றப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து வரிசையில் நின்றார்கள். எனக்கும் குட்டி வேண்டும். அவரிடம் கேட்காமல், மேற்குப் பக்கத்தில் அனுமதி உள்ள ஒருவரிடம் போய்ப் பிஸ்கற்றுக்குப் பெண் எடுத்தேன். பிஸ்கற்றுக்குச் சோடியாகப் பேக்கரிப் பெயரே வைத்தேன்: பணிஸ். சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். என் புத்தகத்தில் மையால் அழுத்தி எழுதினேன்: பிஸ்கற், ஆண். பணிஸ், பெண்.

நவம் அண்ணை பார்க்க வந்தார். இரண்டையும் தூக்கிப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். "நல்லாச் சாப்பாடு குடுக்கிறாய்" என்றார்.

நீலநாக்கு அரணையில் ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவது கடினம் என்பது இப்போது எனக்குத் தெரியும். அவருடைய புத்தகத்தில் பாதி அரணைகளுக்கு நேரே "தெரியாது" என்றுதான் எழுதியிருந்தது. அதை நான் சாப்பாட்டு அறையில் பகிடி பண்ணியிருக்கிறேன். "இருவது வருசமா வளர்க்கிறார், ஆணோ பெண்ணோ எண்டு தெரியாதாம். நான் கண்ட உடன சொல்லுவன்." மூன்று கோடை போனது. பிஸ்கற்றும் பணிஸும் ஒரே தட்டில் வாழைப்பழம் தின்றுகொண்டு, கலியாணம் முடித்து முப்பது வருடமான சோடிபோல ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. குட்டி இல்லை.

அந்த மூன்றாவது வருடத்தின் நடுவில் நாங்கள் வீடு மாறினோம். அடுத்த தெருவுக்குத்தான். மின்சாரம், வங்கி, தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் புது முகவரி கொடுத்தேன். அனுமதிப்பத்திரத்துக்குக் கொடுக்க மறந்துபோனேன். புதுப்பிக்கச் சொன்ன கடிதம் பழைய வீட்டுக்குப் போய் அங்கேயே படுத்துவிட்டது. மறதிக்காரனை ஊரில் அரணைப்புத்தி என்பார்கள். அரணை வளர்ப்பவனுக்கு அது ஒட்டும் என்று எவரும் எச்சரிக்கவில்லை.

ஐப்பசி மாதம் ஒரு பெண் அதிகாரி கதவைத் தட்டினார். தன்மையான பிள்ளை. என் அனுமதி முடிந்து எட்டு மாதம் என்றார். பிஸ்கற்றைப் பார்த்து "ஹலோ, பியூட்டிபுல்" என்றும் சொன்னார், அதுதான் இன்னும் வலித்தது. வெள்ளிக்கிழமை திரும்பி வருவதாகவும், அதற்குள் அனுமதி உள்ள ஒருவரைக் காட்டினால் இரண்டும் அவரிடம் போகலாம், இல்லாவிட்டால் தாங்கள் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் ரோவிலுக்கு ஓடினேன். எனக்கு ஒரு குறுக்குவழி தோன்றியிருந்தது. என் அனுமதி முடிவதற்கு முன்பே, மாசியில், இரண்டையும் நவம் அண்ணைக்குக் கொடுத்துவிட்டதாக அவருடைய புத்தகத்தில் ஒரு வரி எழுதினால் போதும். நான் குற்றம் செய்யாதவனாகிவிடுவேன். அரணைகள் சும்மா என் வீட்டுக்கு விருந்து வந்தவை ஆகிவிடும்.

அவர் குசினி மேசையில் புத்தகத்தை விரித்தார். பேனாவைத் திறந்தார். "இண்டைக்கு என்ன திகதி?" என்று கேட்டார்.

"அண்ணை, மாசி எண்டு போடுங்கோ எண்டெல்லே சொன்னனான்."

"சிறி, உன்ர அரணையை எடுக்கிறன். திகதியை மாத்தன்."

"ஒரு வரிதானே. ஆருக்குத் தெரியப்போகுது?"

"பாம்பு கடிச்சா ஊசி இருக்கு. புத்தகம் பிழைச்சா அதுக்கு ஊசி இல்லை."

மனோ அக்கா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பாவமப்பா, எழுதிவிடுங்கோவன்" என்றார். அண்ணை நிமிரவில்லை. அன்றையத் திகதியைப் போட்டு, என் பெயரை எழுதி, அனுமதி என்ற இடத்தில் "காலாவதி" என்று எழுதினார். ஆண், பெண் என்ற இடத்தில் இரண்டுக்கும் "தெரியாது" என்று எழுதினார். நான் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை வந்து எல்லாவற்றையும் சரிபார்த்து, எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பிஸ்கற்றைத் துவாயில் சுற்றி என் கையாலேயே நவம் அண்ணையின் காரில் வைத்தேன்.

நாலு மாதம் அவரோடு பேசவில்லை. அடுத்தடுத்த இயந்திரத்தில் நின்றுகொண்டு பேசாமலிருப்பது லேசில்லை. "அங்கால பெட்டி சறுக்குது" என்று சொல்லவேண்டி வந்தால் நடுவில் நிற்கும் வியட்நாம்காரரிடம் சொல்லி அனுப்புவேன். எனக்குப் புது அனுமதிக்கு விண்ணப்பிக்கத் தடை ஏதும் இருக்கவில்லை. படிவம் கிடந்தது. வீம்பும் கிடந்தது. வீம்புதான் மேலே கிடந்தது.

பங்குனி தொடக்கத்தில் ஒரு மதியம் அவராகவே வந்து என் முன்னால் சாப்பாட்டுப் பெட்டியை வைத்தார்.

"சிறி, காயச்சரக்கு அரைச்சுக் கொண்டு வா."

"ஆருக்கு? பிள்ளை பெத்தவைக்கெல்லே காயச்சரக்கு?"

"உன்ர பிஸ்கற்றுக்கு. பதினொரு குட்டி. தாயும் சுகம்."

என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். ஒன்பது வருடம் நான் ஆண் என்று வளர்த்தது, என் வயிற்றில் கிடந்து வெயில் காய்ந்தது, தலைப்பிரசவத்தை இன்னொருவர் வீட்டில் முடித்துக்கொண்டிருந்தது. பெற்றவர்கள் உயிரோடு இருக்க, மகள் அயல்வீட்டில் போய்ப் பிள்ளை பெற்றால் எப்படி இருக்கும்? அன்றே போனேன். அரைச் சாண் நீளத்தில் பதினொரு குட்டிகள், பதினொரு நீல நாக்குகள். எனக்கு ஒரு வாதம் பிடிபட்டது.

"அண்ணை, இது என்ர வீட்டில உண்டானது. தகப்பன் பணிஸ். எழுதுங்கோ."

"இஞ்ச வந்து நாலு கிழமை தனியா வைச்சிட்டு நானும் ஒரு ஆணோட விட்டனான். கணக்குப் பார்த்தா ரெண்டுக்கும் சரிவரும்."

"எனக்கு வடிவாத் தெரியும், பணிஸ்தான்."

"நீ பார்த்தனியோ?"

"பாக்கயில்லை."

"உன்ர புத்தகத்தில பணிஸ் பெம்பிளையெல்லே?"

மனோ அக்கா குசினிக்குள் சிரிப்பை அடக்க முடியாமல் பைப்பைத் திறந்துவிட்டார். நவம் அண்ணை தகப்பன் என்ற இடத்தில் "தெரியாது" என்று எழுதினார்.

ஒரு குட்டி கேட்டேன். "லைசென்ஸைக் காட்டு" என்றார். அந்தப் பதினொன்றும் ஒவ்வொன்றாகப் போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்வீட்டுச் சீனருக்கு ஒன்று. பென்டிகோவிலிருந்து வந்த ஒரு நேர்ஸுக்கு இரண்டு. எனக்கு இல்லை. "நீங்கள் என்ன மனுசன்?" என்று கேட்டேன். "படிவத்தை நிரப்பு, நாளைக்கே தாறன்" என்றார். நிரப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் சனிக்கிழமைதோறும் ஸ்ட்ரோபெரி வாங்கிக்கொண்டு போவதை நிறுத்தவில்லை. கராஜ் கதவடியில் நின்று கையை நீட்டி, "உன்ர அரணை, என்ர புத்தகம். வா உள்ளுக்கு" என்பார். என் கையிலிருந்து ஸ்ட்ரோபெரியை எடுக்கமுன் பிஸ்கற் நாக்கை நீட்டி நீட்டி யோசிக்கும். அவர் கையிலிருந்து யோசிக்காமல் எடுக்கும். நாலு வருடம் இதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் பெருமை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு லேசாயிருந்திருக்கும்.

இந்த வருடம் அவருக்கு இருதயம் பலவீனமாகி, வேலையால் நின்றார். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது மூச்சு வாங்கிக்கொண்டு, சுகம் விசாரித்த என்னைக் கையால் நிறுத்திவிட்டு, "படிவம் நிரப்பினியோ?" என்று கேட்டார்.

அந்த முகத்துக்கு "இல்லை" என்று சொல்ல முடியவில்லை. "ஓம் அண்ணை. அனுப்பிப்போட்டன்" என்றேன்.

"நல்லது" என்று கண்ணை மூடினார். வாழ்நாளில் அவரிடம் நான் சொன்ன பொய்களில் அவர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

செத்தவீடு முடிந்த பிறகு மனோ அக்கா அவருடைய புத்தகத்தை எடுத்துத் தந்தார். அனுமதி ஒருவர் பெயரில் இருப்பது. அவர் போனால் அதுவும் போனது. எல்லா உயிர்களும் அனுமதி உள்ளவர்களிடம் போகவேண்டும். அதுவரை கராஜில் இருக்க ஆறு கிழமை தவணை என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். புத்தகத்துக்குள் அவர் கையால் எழுதிய ஒரு தாள் மடித்திருந்தது. எது யாருக்கு, வாங்குபவரின் அனுமதி எண் என்ன என்று வரிசையாக. மலைப்பாம்புகள் அந்த நேர்ஸுக்கு. மற்ற அரணைகள் சீனருக்கு. கடைசி வரி: பிஸ்கற், பணிஸ் — சிறி. எண் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் பென்சிலால், மிகவும் சின்னதாக, "வந்து எழுதுவான்."

எனக்கு எண் இருக்கவில்லை. படிவம் வீட்டில் மேசை லாச்சிக்குள் கிடந்தது. நான் வந்து எழுதாவிட்டால் ஆறு கிழமை முடிய அந்த இரண்டையும் யாரோ முகம் தெரியாதவர் கொண்டுபோவார். அது சட்டப்படி முழுக்கச் சரியாகவும் இருக்கும்.

கிளேட்டனில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் மகளிடம் படிவத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதெல்லாம் இப்ப ஒன்லைன். ட்வென்ரி மினிற்ஸ் வேலை" என்றாள். பதினெட்டு நிமிடத்தில் முடித்தாள். நாலு வருட வீம்பு பதினெட்டு நிமிடம். நடுவில் ஒரு கேள்வி வந்தது: முன்பு எப்போதாவது எச்சரிக்கை பெற்றதுண்டா? மகள் என் முகத்தைப் பார்த்தாள். "போட்டுத்தான் பாக்கோணும். ஓம் எண்டு அடி" என்றேன்.

அதற்குப் பிறகும் பதினாலு நாள் ஒவ்வொரு மாலையும் ரோவிலுக்குப் போய்ப் பெட்டிகளைத் துப்புரவாக்கிச் சாப்பாடு வைத்தேன். மனோ அக்கா கதவடியில் நின்று, "அண்ணை முட்டையை இன்னும் சின்னனா வெட்டுறவர்" என்பார். அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வரும். வெட்டிவிடுவேன். பிஸ்கற் என் கையை நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, கதவுப் பக்கம் தலையைத் திருப்பும். அங்கே ஒருவரும் இல்லை என்று அதற்கு எப்படிச் சொல்வது? அது இன்னும் அவரைத்தான் எதிர்பார்க்கிறது, என்னையல்ல. செத்த மனிதரிடமும் தோற்றுக்கொண்டிருப்பவன் நான்.

இந்த மலர் அச்சுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னர் எண் வந்தது. அவருடைய தாளில் பென்சில் எழுத்தை அழிக்காமல் அதன் பக்கத்தில் எழுதினேன். இப்போது இரண்டும் என் வீட்டில். அவரை அறிந்த உங்களிடம் அவருடைய சிரிப்போ அவர் தந்த குட்டிகளோ இருக்கும். எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது ஒரு சொல். புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பிஸ்கற்றுக்கு நேரே "பெண்" என்று எழுதினேன், பதினொரு சாட்சி உண்டு. பணிஸுக்கு நேரே பேனாவைக் கொண்டுபோய்க் கொஞ்சம் நிறுத்தினேன். அது ஆண்தான், அந்தப் பிள்ளைகளுக்குத் தகப்பன் அதுதான் என்று என் மனம் இன்றைக்கும் சத்தியம் பண்ணும். "தெரியாது" என்று எழுதினேன்.

ஒன்று மட்டும் மிச்சம். அண்ணை, ஆஸ்பத்திரியில் உங்களுக்குச் சொன்னது பொய். படிவம் அனுப்பியது நீங்கள் போய்ப் பதினோராம் நாள். திகதியை மாற்றவில்லை.